நூறு சிசி தள்ளி நிற்கும் கார்

2023 அக்டோபர் கடைசியில் டோக்கியோவில் தொடங்கிய ஜப்பான் மொபிலிட்டி ஷோவில், டைஹட்சு நிறுவனம் ‘விஷன் கோப்பன்’ என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரைப் பார்வைக்கு வைத்தது. இரண்டு பேர் உட்காரலாம். கூரையைத் திறந்து மூடலாம். நீளம் 3835 மில்லிமீட்டர், அதாவது நம் தெருவில் நிற்கும் மாருதி ஸ்விஃப்டைவிடக் கொஞ்சம் குறைவு. முன்னால் 1.3 லிட்டர் எஞ்சின், அது ஓட்டுவது பின் சக்கரங்களை. 2002 முதல் விற்பனையில் இருந்த கோப்பன் 660 சிசி எஞ்சினும் முன்சக்கர ஓட்டமும் கொண்டது என்பதால், கார்ப்பிரியர்களின் கருத்து இங்கே இரண்டாகப் பிரிந்தது. பின்சக்கர ஓட்டம் கடைசியில் வந்துவிட்டதே என்று ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். ஜப்பானில் 660 சிசிக்கு உட்பட்ட குட்டிக் கார்களுக்குக் கிடைக்கும் வரிச்சலுகையை இழந்தால் இது ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக எப்படி இருக்கும் என்று இன்னொரு சாரார் வருந்தினார்கள். அந்தக் கவலை நிறுவனத்தின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். 2025 கண்காட்சியில் அதே டைஹட்சு, பின்சக்கர ஓட்டத்தை விடாமல் 660 சிசி வகுப்புக்கே திரும்பி, வேறொரு மாதிரியை வைத்தது. தூத்துக்குடி மில்லர்புரத்தில் இருப்பவருக்கு இந்தச் சர்ச்சையில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. இப்படி ஒரு காரை மலிவாகச் செய்வதற்கு வேண்டிய எஞ்சின், ஆள், அனுபவம் எல்லாம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அதைத் தடுத்து நிற்பது ரசிகர்களின் பேராசையோ ஜப்பானியரின் தயக்கமோ மட்டுமல்ல, நம் வரிச்சட்டத்தில் இருக்கும் ஒரு கோடும்தான்.

முதலில் ரசிகர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் முந்நூறு கிலோமீட்டர் வேகமும் கோடி ரூபாய் விலையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. மலிவான ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை விரும்புகிறவர்கள் கேட்பது அதை அல்ல. அவர்கள் கேட்பது எடைக் குறைவு. 660 சிசி கோப்பனின் எடை சுமார் 850 கிலோ, சக்தி 64 குதிரைத்திறன்தான். நம் சாலையில் ஓடும் நடுத்தர எஸ்யூவி ஒன்று சக்தியில் இதைப்போல இரு மடங்கு இருக்கும். எடையோ 1300 கிலோவைத் தாண்டும். ஒரு வளைவில் திரும்பும்போது காரை வெளிப்பக்கம் தள்ளுகிற விசை எடைக்கேற்பக் கூடுகிறது. பிரேக் போட்டால் நிறுத்த வேண்டியதும் அதே எடையைத்தான். எடை குறைந்தால் மெல்லிய டயர் போதும், சிறிய பிரேக் போதும், சின்ன எஞ்சின் போதும். இவை ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் எடையைக் குறைக்கும், விலையையும் குறைக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலேயே, ஸ்டீரிங் வழியாகச் சாலையின் சொரசொரப்பு கைக்குத் தெரிகிற சுகம் இதனால் வருவதுதான். வேகமானியில் தெரியும் எண்ணுக்கும் இந்தச் சுகத்துக்கும் அதிகச் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் இந்த மாதிரிகள் ஏன் கண்காட்சி மேடையோடு நின்றுவிடுகின்றன? 2013 டோக்கியோ கண்காட்சியில் நிஸான் வைத்த ‘ஐடிஎக்ஸ்’ காரை ரசிகர்கள் கொண்டாடினார்கள். அது உற்பத்திக்கு வரவில்லை. 2015இல் டொயோட்டா ‘எஸ்-எஃப்ஆர்’ என்றொரு காரைக் காட்டியது. 3990 மில்லிமீட்டர் நீளம், பின்சக்கர ஓட்டம், எளிய முகம். அதுவும் வரவில்லை. பெரிய நிறுவனங்களுக்கு மனமில்லை என்று ரசிகர்கள் கோபப்படுவது இயல்பு. ஆனால் பிழைத்து நின்ற கார்களின் சரித்திரத்தைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். 1969இல் வந்த டாட்ஸன் 240ஸீ, அமெரிக்காவில் சுமார் 3500 டாலருக்கு விற்று ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களை ஆட்டங்காண வைத்தது. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின், டாட்ஸனின் சாதாரணக் குடும்பக் காரில் இருந்த நாலு சிலிண்டர் எஞ்சினின் உடன்பிறப்பு. 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, சாதாரண ஃபமிலியா காரின் 1.6 லிட்டர் எஞ்சினை வைத்துப் பிறந்தது. 2016இல் பத்து லட்சமாவது காரைத் தொட்டது. இரண்டுமே பிறந்த நாட்டு வாடிக்கையாளரை மட்டும் நம்பி வாழவில்லை. சாதாரணக் காரிடம் கடன் வாங்கிய உறுப்புகள், பல நாட்டுச் சந்தை என்ற இரண்டு கால்களும் இருந்தால்தான் மலிவான ஸ்போர்ட்ஸ் கார் நடக்கும். தனக்கென்று தனி எஞ்சின், தனி சேஸிஸ் கேட்டால் கணக்கு உதைக்கும்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டில் ஒருவர் எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டார். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து பழையதாக வாங்கி வருவது என்றிருந்த காலத்தில், மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினையும் நாலு கியர் கொண்ட கியர்பாக்ஸையும் எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் லேசான கூட்டில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினார். ஃபார்முலா மாருதி என்ற பந்தய வகுப்பே அதிலிருந்து எழுந்தது. கடைக்குப் பால் வாங்கப் போகிற காரில் இருக்கும் அதே எஞ்சின் என்பதால் உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். எல்லாரிடமும் ஒரே எஞ்சின் இருந்ததால், பணம் இருக்கிறவன் ஜெயிப்பான் என்ற நிலை குறைந்து, ஓட்டத் தெரிந்தவன் முன்னால் வந்தான். நாராயண் கார்த்திகேயன் 1990களின் தொடக்கத்தில் ஓட்டத் தொடங்கியது இந்த வகுப்பில்தான். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் தொடங்கி வைத்த முறை நின்றுவிடவில்லை. பின்னால் வந்த எல்ஜிபி ஃபார்முலா கார்களும் மாருதி எஞ்சினை நம்பியே ஓடின. மலிவான ஸ்போர்ட்ஸ் கார் நம்மால் முடியுமா என்று கேட்கிறவர்கள் இந்த ஒரு சான்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உலகத்தரமான ஓட்டுநரை உருவாக்க நாற்பது குதிரைத்திறனுக்கும் குறைவான எஞ்சின் போதுமானதாக இருந்தது.

இன்றைக்குக் கையில் இருக்கும் பொருள் அதைவிட எவ்வளவோ மேலானது. ஒரகடத்தில் செய்யப்படும் நிஸான் மேக்னைட்டில் 999 சிசி டர்போ எஞ்சின் 100 குதிரைத்திறன் தருகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்யப்படும் ஹூண்டாய் ஐ20 என் லைனின் 998 சிசி டர்போ 120 தருகிறது. டைஹட்சு முழுக்க டொயோட்டாவின் சொத்து. டொயோட்டாவோ இந்தியாவில் சுசூகியோடு எஞ்சினைப் பகிர்ந்துகொள்கிறது. அதன் டைஸர் காரில் இருக்கும் 998 சிசி டர்போ சுசூகியுடையது. இவையெல்லாம் முன்சக்கர ஓட்டத்துக்கான எஞ்சின்கள், பின்சக்கர ஓட்டத்துக்கு எப்படிப் பயன்படும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முன்சக்கர ஓட்டக் காரின் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக இருப்பவை. அந்தக் கட்டை அப்படியே தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்தால், அது பின் சக்கரங்களை ஓட்டும். 1984இல் டொயோட்டா கொரோலாவின் உறுப்புகளை வைத்து எம்ஆர்2 காரைச் செய்தது இப்படித்தான்; ஃபார்முலா மாருதியிலும் எஞ்சின் இருந்தது ஓட்டுநருக்குப் பின்னால்தான்.

வரிச்சட்டத்தின் கோட்டுக்கு இப்போது வருவோம். நாலு மீட்டர் நீளத்துக்குள்ளும் 1200 சிசிக்குள்ளும் இருக்கும் பெட்ரோல் கார்தான் நம் சட்டத்தில் சிறிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். விஷன் கோப்பன் நீளத்தில் தேறிவிடுகிறது. எஞ்சினில் வெறும் நூறு சிசி கூடுதல் என்பதால் 40க்குப் போய்விடும். இங்கேயே செய்த ஒரு லிட்டர் டர்போ அதில் இருந்தால் சக்திக்கும் குறைவிருக்காது, 18 சதவீதத்திலேயே நின்றுவிடும். முழுக் காராக இறக்குமதி செய்தாலோ சுங்கவரி விலையை வெகுவாக ஏற்றிவிடும். மலிவு என்ற பேச்சே அங்கு இல்லை. ஆகவே இந்தக் கார் நமக்கு வர வேண்டுமென்றால் இங்கே செய்யப்பட்டுத்தான் வர வேண்டும்.

யார் வாங்குவார்கள் என்பதுதான் எல்லாரும் எழுப்பும் ஆட்சேபம், கனமான ஆட்சேபமும்கூட. ஒரு வீட்டுக்கு ஒரு கார், அதில் ஐந்து பேர், பின்னால் சாமான் என்று வாழ்கிற நாட்டில் இரட்டை இருக்கைக் காருக்கு ஆள் குறைவு. கோவாவில் 1990களின் கடைசியில் சான் மோட்டார்ஸ் ‘ஸ்டார்ம்’ என்ற திறந்த காரைச் செய்தது. சில நூறு என்ற அளவைத் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. 2017 ஜெனீவா கண்காட்சியில் டாடா ‘ரேஸ்மோ’வைக் காட்டியது, இணையமெல்லாம் பாராட்டியது, பிறகு டாடா அதைக் கைவிட்டது. ரேஸ்மோவின் எஞ்சின் 1.2 லிட்டர்தான், வரிக்கோட்டுக்குள் வந்திருக்கும். ஆனால் அதன் உடற்கூடு முற்றிலும் புதிய முறை. மேலே சொன்ன கணக்கு உதைத்த இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. ரசிகர்களின் கைதட்டலைக் காசாக எண்ணக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாருதி சுசூகியின் ஐந்து கதவு ஜிம்னியின் கதையைப் பாருங்கள். 2023இல் குருகிராமில் செய்து விற்பனைக்கு வந்தபோது, நாலு மீட்டருக்குள் இருந்தும் 1.5 லிட்டர் எஞ்சினால் அன்றைய விதிப்படி 29க்குப் பதில் 45 சதவீத வரி விழுந்தது. விலை பன்னிரண்டேமுக்கால் லட்சத்தில் தொடங்கியது. இங்கே விற்பனை மந்தம். 2025 ஜனவரி 30 அன்று அதே கார் ஜப்பானில் ‘ஜிம்னி நோமேட்’ என்ற பெயரில் அறிமுகமானது. மாதம் 1200 என்று திட்டமிட்டிருந்தார்கள். நாலே நாளில் சுமார் ஐம்பதாயிரம் பேர் பதிவு செய்ய, முன்பதிவையே நிறுத்த வேண்டி வந்தது. உள்ளூரில் வாங்க ஆளில்லை என்று சொல்லப்பட்ட, இந்தியாவில் செய்த காருக்கு, சுசூகியின் தாய்நாட்டில் வரிசை கட்டி நின்றார்கள். இந்தியரை மட்டும் வாடிக்கையாளராக எண்ணினால் ஆட்சேபம் ஜெயிக்கும். இங்கே செய்து ஜப்பானுக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்பி, மிச்சத்தை இங்கே விற்பதென்றால் அந்த ஆட்சேபம் நிற்காது.

சாலை எப்படி என்பது அடுத்தது. தூத்துக்குடி மாதிரி ஊரில் தாழ்ந்த காரை வைத்துக்கொண்டு ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டுவது எப்படி, உப்பளக் காற்றில் தகடு எத்தனை வருஷம் தாங்கும் என்பவை நியாயமான கேள்விகள். காரின் அடிவயிற்றைச் சில சென்டிமீட்டர் உயர்த்தத்தான் வேண்டும். அதனால் வளைவில் கிடைக்கும் சுகம் கொஞ்சம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். துருவைப் பொறுத்தவரை டைஹட்சு ஏற்கெனவே விடை வைத்திருக்கிறது. 2014இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கோப்பனில் பலத்தையெல்லாம் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் தாங்கிக்கொள்ள, வெளித்தகடுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக், கழற்றி மாற்றிக்கொள்ளலாம். கடலோரத்தில் முதலில் அரிக்கும் இடங்களில் ஒன்று சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு. அங்கே இரும்பே இல்லையென்றால் பாதித் தொல்லை தீர்ந்தது.

இளைஞர்கள் கையில் கொடுத்தால் விபத்து கூடும் என்று பெற்றோர் அஞ்சுவது இயற்கை. ஆனால் இதே சக்தி கொண்ட, இதைவிடக் கனமான, உயரமான கார்கள் இப்போதே அவர்கள் கையில் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயத்தடம் இருக்கிறது, நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் இல்லை என்பதுதான் உண்மையான குறை. வேகத்தைப் பழக இடம் கொடுக்காமல், வேகத்தைச் சாலையில் தேடாதே என்று சொன்னால் எடுபடாது.

கடைசியாக, மின்சார யுகத்தில் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்ற கேள்வி. 2025 ஆகஸ்ட் 4 அன்று வின்ஃபாஸ்ட் தொழிற்சாலையைத் தொடங்கிய தூத்துக்குடியில் இதை யாரும் கேட்பார்கள். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் மின்சாரக் கார்கள், பிறகு ஒன்றரை லட்சம் வரை என்பது அதன் திட்டம். ஊருக்கு அது பெரிய நன்மை. ஆனால் எடை குறைந்த காரை இன்றைய பேட்டரியால் தர முடியவில்லை. இந்தியாவில் விற்பனையில் உள்ள மின்சாரத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜி சைபர்ஸ்டர். எடை ஏறத்தாழ இரண்டு டன், 2025இல் அறிமுகமானபோது விலை 75 லட்சத்தை ஒட்டி இருந்தது. 850 கிலோ கோப்பனை விரும்புகிறவர் கேட்பது இதுவல்ல. பேட்டரி லேசாகும் நாள் வரும்போது இதே குட்டி உடற்கூட்டில் அதைப் பொருத்தலாம். எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் வைக்கப் பழகிய தொழிற்சாலைக்கு, அங்கே மோட்டாரை வைப்பது பெரிய மாற்றமாக இருக்காது. அதுவரைக்கும் சிறிய கார் என்பதை எஞ்சின் கொள்ளளவால் அளக்காமல் எடையால் அளக்கும்படி வரிச்சட்டத்தைத் திருத்தச் சொல்லலாம். அப்படி அளந்தால் 1.3 லிட்டர் விஷன் கோப்பனும், 2023இன் ஜிம்னியைப் போல வரியில் மாட்டிக்கொள்ளாமல், ஒரு லிட்டர் டர்போவுக்குக் காத்திருக்காமலேயே 18 சதவீதத்துக்குள் வந்துவிடும்.