மேடையை ஆண்ட தாய்

நாடகமும் திரைப்படமும் விசுவாசிகளுக்கு ஒவ்வாத துறைகள் என்று கருதும் பெற்றோர் நம் பங்குகளில் இன்றும் உளர். அவர்களுடைய அச்சத்தை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. எனினும், அத்துறையிலேயே எண்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, நன்மதிப்போடு விடைபெற்ற ஒரு கத்தோலிக்கப் பெண்மணியை நம் வாசகர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். அவரே அமெரிக்க நடிகை ஹெலன் ஹேய்ஸ்.

1900ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் பிறந்த ஹெலன், ஐந்தே வயதில் மேடையேறினார். 1909இல் நியூயார்க்கின் புகழ்மிக்க பிராட்வே அரங்கை அடைந்தார். 1935இல் விக்டோரியா அரசியாக நடித்தபோது, ஒரே மாலைப்பொழுதில் இளநங்கையாகத் தோன்றித் தள்ளாத மூதாட்டியாக முடிக்கும் அவருடைய ஆற்றலைக் கண்டு நாடு வியந்தது. திரையிலோ, மகனுக்காகத் தன்னையே இழக்கும் தாயாக நடித்து 1932இல் ஆஸ்கார் விருது பெற்றார். 'ஏர்போர்ட்' படத்தில் பயணச்சீட்டின்றி விமானமேறும் குறும்புக்கார மூதாட்டியாக நடித்தமைக்கு 1971இல் மீண்டும் அவ்விருது கிடைத்தது.

இத்தகைய புகழின் நடுவே ஒரு பெருந்துயர் வந்தது. 1949இல் அவருடைய ஒரே மகள் மேரி, தாயுடன் மேடையேறத் தொடங்கியிருந்த பத்தொன்பது வயதில், இளம்பிள்ளை வாதத்தால் மாண்டாள். அந்நோய்க்கு அன்று தடுப்பூசி இல்லை. பல பாத்திரங்களில் அழுது பழகிய அந்தத் தாய்க்கு இந்தக் கண்ணீர் நடிப்பன்று.

ஆயினும் அவர் துயரத்திலேயே முடங்கிவிடவில்லை. மகளின் பெயரால் அந்நோயை எதிர்க்க நிதி திரட்டினார். 1955இல் தடுப்பூசி பயனுள்ளதென அறிவிக்கப்பட்டபோது, எண்ணற்ற தாய்மாரின் நெஞ்சச் சுமை இறங்கிற்று. உடல் குன்றியோர் மறுவாழ்வு பெறும் நியூயார்க் மாநில மருத்துவமனை ஒன்றுக்கு அவர் நெடுங்காலம் தொண்டாற்றினார். 1974இல் அது அவர் பெயரையே ஏற்றது. நம் நாட்டில் 2014இல் இந்நோய் ஒழிந்ததென உறுதி செய்யப்பட்டது. குழந்தையின் வாயில் சொட்டு மருந்து விழும்போது, அதன் பின்னே எத்தனை பெற்றோரின் கண்ணீர் உண்டென்பதை நாம் நினைப்பதுண்டா?

மேடைத் தூசியால் ஆஸ்துமா முற்றவே, 1971இல் அவர் நாடகத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய இறுதி நாடகம் பிறந்த ஊரிலேயே, அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அரங்கேறியது. திரையிலும் தொலைக்காட்சியிலும் மேலும் பல்லாண்டு தோன்றினார். கத்தோலிக்கப் பொதுநிலையினருக்கும் குருக்களுக்கும் நோட்டர்டாம் பல்கலைக்கழகம் வழங்கும் லெதாரே பதக்கத்தை 1979இல் பெற்றார். 1993 மார்ச் 17 அன்று, புனித பேட்ரிக் திருநாளில், இறைவனடி சேர்ந்தார்.

தாலந்துகளின் உவமையில், தலைவன் ஊழியரைக் கேட்பது ஒன்றே: பெற்றதை என்ன செய்தாய்? ஹெலன் தம் திறமைக்கும் கணக்குத் தந்தார். தம் துயரத்துக்கும் கணக்குத் தந்தார். நம் பிள்ளைகளிடம் கலையார்வம் அரும்புமாயின் அஞ்சி அதனைக் கிள்ளிவிடாமல், ஜெபத்தோடும் அறிவுரையோடும் அவர்களுக்கு வழித்துணையாய் நிற்போமாக.