அலமாரிகள் காலியான விதம்

2020 மார்ச் மாதம் பிரிட்டனில் கொரோனா தொற்று வேகம் பிடித்தபோது அந்நாட்டின் துறைமுகங்கள் திறந்தே இருந்தன. மாவு ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. உணவுப் பொருள்களை ஏற்றிய லாரிகள் வழக்கம்போல் வந்து சென்றன. ஆயினும் அம்மாத நடுவில், சூப்பர் மார்க்கெட் எனப்படும் பேரங்காடிகளில் பாஸ்தா, அரிசி, கோதுமை மாவு, முட்டை, திரவ சோப்பு, கழிப்பறைக் காகிதம் ஆகியவற்றுக்குரிய அலமாரிகள் காலையில் கடை திறந்த சிறிது நேரத்திலேயே காலியாகிக் கிடந்தன. உற்பத்தி குறையாதபோதும், இனிமேல் கிடைக்காமல் போகுமோ என்ற அச்சத்தில் மக்கள் வழக்கத்துக்கு மேல் வாங்கிச் சேர்ப்பதும், அவ்வாறு சேர்ப்பதாலேயே பொருளுக்குத் தட்டுப்பாடு வருவதும் பீதிக் கொள்முதல் என்று சொல்லப்படுகின்றன. இதற்குப் பேராசைக்காரர் சிலரே காரணம் என்பது அன்று செய்தித்தாள்களிலும் அரசியல் மேடைகளிலும் எளிதாகச் சொல்லப்பட்ட விளக்கம். அந்த விளக்கம் பெரும்பகுதி தவறானது என்பதும், அத்தவறு உண்மையான தீர்வுகளைப் பின்னுக்குத் தள்ளியது என்பதும் விற்பனைக் கணக்குகளைப் பார்த்தால் தெரியும்.

அவ்வாண்டு மார்ச் 21ஆம் தேதி லண்டனில் நடந்த அரசுச் செய்தியாளர் சந்திப்பில், மூன்று வாரங்களுக்கு முன் இருந்ததைவிட 100 கோடி பவுண்டு மதிப்புள்ள உணவு கூடுதலாக மக்களின் வீடுகளில் இருப்பதாகப் பிரிட்டன் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் தலைமை நிர்வாகி ஹெலன் டிக்கின்சன் தெரிவித்தார். கேட்டவுடன், கிடங்குபோல் நிரப்பப்பட்ட சில வீடுகளே எவருடைய மனத்திலும் தோன்றும். ஆனால் குடும்பங்களின் கொள்முதலைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கான்டார் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட விவரம் வேறொரு காட்சியைக் காட்டியது. மார்ச் 22 வரையிலான நான்கு வாரங்களில் மளிகை விற்பனை முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 20.6 விழுக்காடு உயர்ந்திருந்தது; எனினும் பாஸ்தா வாங்கியவர்களில் 3 விழுக்காட்டினரும், திரவ சோப்பு வாங்கியவர்களில் 6 விழுக்காட்டினரும் மட்டுமே அளவுக்கு மீறி வாங்கியிருந்தனர். எஞ்சிய பெரும்பான்மையோர் வழக்கமான பட்டியலில் ஒன்றிரண்டு பொருள்களைச் சேர்த்திருந்தனர், அல்லது வாரத்தில் ஒருமுறை கூடுதலாகக் கடைக்குப் போயிருந்தனர். கோடிக்கணக்கான கூடைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம் கூடியதே அலமாரிகளைக் காலிசெய்யப் போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு பொட்டலத்தைப் பீதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மார்ச் 16ஆம் தேதி, வீட்டில் ஒருவருக்கு நோய்க்குறி தென்பட்டாலும் அந்த வீட்டார் அனைவரும் 14 நாள்கள் வெளியே வரக்கூடாது என்று அரசே அறிவுறுத்தியது. 20ஆம் தேதியுடன் பெரும்பாலான மாணவர்களுக்குப் பள்ளிகள் மூடப்பட்டன. அன்றிரவே உணவகங்களையும் மதுக்கூடங்களையும் மூட ஆணை வந்தது. இரண்டு வாரம் வீட்டுக்குள் இருக்க நேரலாம் என்று சொல்லப்பட்ட குடும்பம் இரண்டு வாரத்துக்கான உணவை வாங்கி வைப்பது அறிவுரையைக் காதில் வாங்கிக்கொண்டதன் அடையாளம். அதுவரை பள்ளியிலும் அலுவலகத்திலும் உணவகத்திலும் உண்ணப்பட்ட பகல் உணவில் பெரும்பகுதி ஒரே வாரத்தில் வீட்டுச் சமையலறைக்கு இடம்பெயர்ந்ததால், எவரும் அஞ்சாமல் இருந்திருந்தாலும் பேரங்காடிகளின் விற்பனை கணிசமாக ஏறியே இருக்கும்.

இந்த ஏற்றத்தைக் கடைகளால் தாங்க முடியாமற்போனதற்கான காரணம் அவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜப்பானின் டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் உருவாகி உலகெங்கும் பரவிய ஒரு நடைமுறையின்படி, பொருளைக் கிடங்கில் அடுக்கிவைத்துக் காத்திராமல், தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவுக்கு மட்டும் வரவழைத்துக்கொள்கிறார்கள். பேரங்காடியில் பணம் செலுத்துமிடத்தில் பொட்டலத்தின் பட்டைக்குறியீடு படிக்கப்படும்போதே விற்ற அளவு கணினியில் பதிவாகி, அடுத்த சுமைக்கான கோரிக்கை விநியோக மையத்துக்குப் போகிறது. இருப்பில் பணம் முடங்குவதில்லை, பொருள் கெடுவதும் குறைவு, விலையும் குறைகிறது என்பதால் சாதாரண நாள்களில் இந்த முறை வாங்குவோருக்கு நன்மையே செய்கிறது. ஆனால் கடையின் பின்னறையில் முன்பிருந்த இருப்பு இதனால் சுருங்கிவிட்டது. அலமாரியில் கண்ணுக்குத் தெரிவதற்கு அப்பால் கடையில் அதிகம் இல்லை. நேற்றைய விற்பனையைக் கொண்டு நாளைய தேவையைக் கணிக்கும் கணினிக்கு, இன்று திடீரென இருமடங்கு வாங்குவார்கள் என்பது தெரிய வழியில்லை.

கடையிலிருந்து பின்னோக்கிச் செல்லச் செல்லச் சிக்கல் பெரிதாகிறது. 1997இல் ஹாவ் லீ, பத்மநாபன், சியுங்ஜின் வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதைச் சாட்டை விளைவு என்ற பெயரால் விளக்கியது. சாட்டையின் பிடியில் ஏற்படும் சிறு அசைவு நுனியில் பெரிய வீச்சாக மாறும் என்பதால் அந்தப் பெயர் வந்தது. குழந்தைகளுக்கான அணையாடைகளை ஆய்ந்தபோது, குழந்தைகள் அவற்றைப் பயன்படுத்தும் அளவு மாதத்துக்கு மாதம் ஏறத்தாழ ஒரே சீராக இருந்தும், கடைக்காரர், மொத்த வியாபாரி, உற்பத்தியாளர், மூலப்பொருள் தருவோர் என்ற வரிசையில் ஒவ்வொரு படியிலும் கொள்முதல் கோரிக்கைகளின் ஏற்றத்தாழ்வு கூடிக்கொண்டே போவது கண்டறியப்பட்டது. இதற்கு அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று இங்கு முக்கியமானது. தட்டுப்பாட்டுக் காலத்தில் கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைக்கும் என்பதை அறிந்த வியாபாரி, பத்துப் பெட்டி தேவைப்படும் இடத்தில் இருபது பெட்டி கேட்டு எழுதுகிறார். வீட்டுத் தலைவி செய்தால் பதுக்கல் என்று பழிக்கப்படும் செயலையே தேர்ந்த வணிகர்களும் கணக்குப் போட்டுச் செய்கின்றனர் என்பதை மறந்துவிட்டு மக்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது.

மாவின் கதை இந்த விவகாரத்தின் உள்ளமைப்பை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. பிரிட்டனில் அரைக்கப்படும் மாவில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் சிறு பைகளில் அடைக்கப்பட்டுக் கடைகளில் விற்கப்படுகிறது. மற்றதெல்லாம் பெரும்பாலும் டேங்கர் லாரிகளிலும் பெரிய மூட்டைகளிலும் ரொட்டித் தொழிற்சாலைகளுக்கும் உணவு நிறுவனங்களுக்கும் போகிறது. ஊரடங்கில் வீட்டில் ரொட்டியும் கேக்கும் செய்யும் ஆர்வம் பெருகியபோது, ஆலைகள் இரவும் பகலும் அரைத்தும் அலமாரியில் மாவு நிற்கவில்லை. ஏனெனில் அங்கே குறைந்தது கோதுமையோ அரைக்கும் திறனோ அல்ல, ஒன்றரைக் கிலோ பையில் அடைக்கும் இயந்திரங்களின் எண்ணிக்கை. வாரத்துக்கு 35 முதல் 40 லட்சம் பைகளுக்கு மேல் நிரப்ப முடியாது என்று ஆலை உரிமையாளர் சங்கம் அறிவித்தது. அந்த அளவு, வாரம் ஒரு பை என்ற கணக்கில் நாட்டின் குடும்பங்களில் 15 விழுக்காட்டுக்குத்தான் போதும். கல்யாண வீட்டில் நான்கு பந்தியாக உட்கார வேண்டியவர்கள் ஒரே பந்தியில் அமர வந்தால், ஆக்கிய சோறு குறைவதில்லை. இலை போட இடம்தான் போதாமற்போகிறது. மாவு விஷயத்திலும் நடந்தது அதுதான்.

உலகெங்கும் பேசப்பட்ட கழிப்பறைக் காகிதத் தட்டுப்பாட்டை நகைப்புக்குரியதாகக் கருதியோர் பலர். ஆனால் அதற்கும் தெளிவான காரணங்கள் உண்டு. இடத்தை அடைக்கும் அளவோடு ஒப்பிட்டால் மிக மலிவான பொருள் என்பதால் கடையில் அதை அதிகம் அடுக்கிவைக்க மாட்டார்கள். சிலர் கூடுதலாக எடுத்தாலே அலமாரியில் பெரிய வெற்றிடம் தெரியும். அந்த வெற்றிடமே அடுத்து வருபவரை அச்சுறுத்தும். ஆண்டு முழுவதும் தேவை மாறாத பொருளாதலால் ஆலைகள் ஏற்கனவே ஏறத்தாழ முழுத் திறனில் இயங்குபவை; ஒரே வாரத்தில் உற்பத்தியைப் பெருக்க அவற்றால் இயலாது. இத்தகைய நெரிசல் புதிதும் அல்ல. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்து, ஜப்பானிய அமைச்சர் நகசோனே யசுஹிரோ காகிதத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்ட பின், நவம்பர் தொடக்கத்தில் ஒசாகா அருகிலுள்ள சென்ரி குடியிருப்பின் கடையொன்றில் தொடங்கிய நெரிசல் சில நாள்களில் நாடெங்கும் பரவியது. 2020 பிப்ரவரியில், காகிதம் சீனாவிலிருந்து வருவதால் இனி வராது என்ற பொய்ச் செய்தி அதே நாட்டில் மீண்டும் கடைகளைக் காலிசெய்தது; ஜப்பானில் விற்கும் கழிப்பறைக் காகிதமோ பெரும்பாலும் அங்கேயே தயாராவது. அம்மாதம் ஹாங்காங்கில் கத்தி முனையில் 600 உருளைகள் கொள்ளையடிக்கப்பட்டன. மார்ச் 4ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் வூல்வொர்த்ஸ் கடைகள் ஒருவருக்கு நான்கு கட்டுகள் என்று வரம்பு விதித்தன.

வதந்தியை நம்பாதவரும் ஏன் வரிசையில் நிற்கிறார் என்பதற்கான விடையை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948லேயே எழுதியிருந்தார். நல்ல நிலையில் உள்ள வங்கி ஒன்று திவாலாகப் போகிறது என்று வதந்தி பரவினால், பணம் போட்டவர்கள் அனைவரும் ஒரே நாளில் அதைத் திரும்பக் கேட்டு வர, வங்கி உண்மையிலேயே திவாலாகிறது. இதைத் தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும் முன்கணிப்பு என்று அவர் குறிப்பிட்டார். கடைக்கும் இது பொருந்தும். பிறர் நம்புவார்கள், அதனால் பொருள் தீரும் என்று கணக்கிட்டு முன்கூட்டியே வாங்குகிறவர் தம்மளவில் தவறாகக் கணக்கிடவில்லை. ஆகவேதான், போதிய இருப்பு உள்ளது, பதற வேண்டாம் என்று அமைச்சர்கள் சொல்வது மட்டும் பயன் தருவதில்லை. அண்டை வீட்டாரும் பதறமாட்டார்கள் என்ற உறுதியை அந்தச் சொற்களால் தர முடிவதில்லை.

உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூர் இந்த வகையில் கவனிக்கத்தக்கது. 2020 பிப்ரவரி 7ஆம் தேதி நோய் எச்சரிக்கை நிலை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தப்பட்ட அன்று மாலையே பேரங்காடிகளில் மக்கள் குவிந்தனர். மறுநாளே பிரதமர் லீ சியன் லூங் நேரடியாக மக்களிடம் பேசினார். ஃபேர்பிரைஸ் கடைகள் 9ஆம் தேதி ஒருவருக்கு அரிசி இரண்டு பை, உடனடி நூடுல்ஸ் நான்கு கட்டு, காய்கறி 50 சிங்கப்பூர் டாலருக்குள் என வரம்பு கட்டின. அரிசி இறக்குமதியாளர் ஒவ்வொருவரும் தம் மாத இறக்குமதியின் இருமடங்கை எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற நெடுநாள் விதி அங்கு உண்டு என்பதால், அந்தப் பேச்சுக்குப் பின்னால் அரிசியும் இருந்தது. ஆறுதல் சொல்லும் அரசின் கையில் முன்னரே சேர்த்த இருப்பு இருப்பது அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அறிவிப்பு வெளியாகும் நேரமும் கூட்டத்தை உண்டாக்கும். இந்தியாவில் 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பேசத் தொடங்கிய பிரதமர், நள்ளிரவு முதல் நாடு தழுவிய ஊரடங்கு என்று அறிவித்ததும் மக்கள் கடைகளை நோக்கி விரைந்தனர். ஏப்ரல் 24ஆம் தேதி, சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் 26 முதல் 29 வரை மளிகைக் கடைகளும் இயங்காத முழு ஊரடங்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, இடையிலிருந்த 25ஆம் தேதி ஒரே நாளில் மூன்று நகரங்களின் காய்கறிச் சந்தைகளும் மளிகைக் கடைகளும் நெரிசலில் திணறின. தனித்திருக்கச் செய்வதற்கான ஆணையே மக்களைத் தோளோடு தோள் உரச நிற்கவைத்தது. சென்னையின் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவி, மே 5ஆம் தேதி அது மூடப்பட்டது என்பதை நினைத்தால், கொள்ளைநோய்க் காலத்தில் கடைக் கூட்டம் எத்தகைய ஆபத்து என்பது விளங்கும்.

இவ்வளவுக்கும் விலை கொடுத்தவர்கள் யார் என்பதே இந்த விவகாரத்தின் வேதனையான பகுதி. இரண்டு வாரத்துக்குச் சேர்த்து வாங்கக் கையில் பணமும், ஏற்றிவரக் காரும், வைக்க இடமும் வேண்டும். வாரக் கூலியில் வாழ்பவருக்கும் பேருந்தில் வந்து போகும் முதியவருக்கும் அது முடியாது; நாள் முழுவதும் மருத்துவமனையில் நின்றுவிட்டு இரவில் கடைக்கு வரும் செவிலியருக்கு அலமாரியில் எதுவும் மிஞ்சியிருக்காது. மலிவு வகைகள் தீர்ந்த இடத்தில் விலையுயர்ந்த வகைகளே எஞ்சின. பிரிட்டனில் வறியோருக்கு இலவச உணவுப் பொட்டலம் தரும் டிரசல் அறக்கட்டளையின் மையங்கள் மார்ச் மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களில், முந்தைய ஆண்டின் அதே நாள்களைவிட 81 விழுக்காடு அதிகமான பொட்டலங்களை வழங்க வேண்டியிருந்தது.

பிரிட்டன் பேரங்காடிகள் 2020 மார்ச் மாதத்தில் ஒவ்வொன்றாக வரம்பு விதித்தன. முதியோருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் தனி நேரம் ஒதுக்கின. போட்டி நிறுவனங்கள் இருப்பு விவரத்தையும் லாரிகளையும் பகிர்ந்துகொள்ள இடந்தரும் வகையில் அரசு போட்டிச் சட்டத்தைத் தளர்த்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் தொற்று மீண்டும் ஏறியபோது, அலமாரி காலியாகும்வரை காத்திராமல் மாவு, பாஸ்தா, கழிப்பறைக் காகிதம் ஆகியவற்றுக்கு டெஸ்கோ பேரங்காடி நிறுவனம் முன்கூட்டியே ஒருவருக்கு மூன்று என்று வரம்பு கட்டியது. எனினும் வரம்பு என்பது உச்சத்தை மட்டும் கட்டுப்படுத்துகிறது. ஒருவர் மூன்றுக்கு மேல் எடுக்கக்கூடாது என்கிறதே தவிர, ஒவ்வொருவருக்கும் ஒன்றாவது கிடைக்கும் என்று அது உறுதி கூறுவதில்லை. 1940 ஜனவரி 8ஆம் தேதி பதப்படுத்திய பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றில் தொடங்கி 1954 ஜூலை வரை அதே நாட்டில் நீடித்த போர்க்காலப் பங்கீட்டு முறை அந்த உறுதியைத் தந்தது. குடும்பங்கள் ஒரு கடையில் பெயரைப் பதிந்துகொண்டு தமக்குரிய பங்கைப் பெற்றன. தமிழ்நாட்டில் இத்தகைய அமைப்பு ஏற்கனவே நடைமுறையில் இருந்ததால், 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், இலவசமாக அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் ரேஷன் கடைகள் வழியே சென்றன. நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுத்துக் கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ள முயன்றார்கள். இங்கு அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவைப்பட்டது.