தண்டனை முடிந்தவருக்கு லாட்ஜ் கதவு திறக்குமா?

1776 மே மாதம் லண்டனில் ஃபிரீமேசன்கள் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் தலைமை மண்டபம் திறக்கப்பட்டபோது சிறப்புரை ஆற்றியவர், அந்த இயக்கத்தின் தலைமை மதகுரு வில்லியம் டாட். மறு ஆண்டு ஜூனில் அவரைத் தூக்கில் போட்டார்கள். செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 4,200 பவுண்டுக்குப் பத்திரம் தயாரித்தது குற்றம். எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் அவருக்காக மன்றாடியும் பலிக்கவில்லை. இயக்கமும் அவரை நீக்கிவிட்டது.

உள்ளே இருந்தவர் வெளியேற்றப்பட்ட கதை அது. பழைய வழக்கில் தண்டனை பெற்று, அதை முடித்துவிட்ட ஒருவர் இன்று உள்ளே போக முடியுமா? இங்கிலாந்தில் சட்டம் ஒரு பதில் சொல்கிறது, லாட்ஜ் எனப்படும் ஃபிரீமேசன் கிளை வேறு பதில் சொல்லலாம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டத்தின் பக்கம் ஓரளவு தாராளமானது. 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் புதிய குற்றமின்றிக் கழிந்தால் பழைய தண்டனை காலாவதியாகிறது. 2023 அக்டோபரில் அந்தக் காலம் குறைக்கப்பட்டது. வயது வந்தவருக்கு ஓராண்டு வரையிலான சிறைத் தண்டனை என்றால், அது முடிந்து ஓராண்டு. நான்காண்டு வரை என்றால் நான்காண்டு. அதற்கும் மேல் என்றால் ஏழாண்டு. ஆனால் கடுமையான வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்களுக்கு நான்காண்டுக்கு மேல் பெற்ற தண்டனை ஒருபோதும் காலாவதியாகாது.

கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிறை வாசலைத் தாண்டிய நாளிலிருந்து அல்ல. நிபந்தனையோடு வெளியே இருக்கும் காலமும் சேர்ந்து முழுத் தண்டனையும் முடிந்த நாளிலிருந்து. மூன்றாண்டுத் தண்டனை 2020 ஜூனில் முழுதாக முடிந்திருந்தால், பழைய விதிப்படி 2027 வரை காத்திருக்க வேண்டும். புதிய விதியில் 2024 ஜூனிலேயே காலாவதி. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் வேறு.

காலாவதியான தண்டனையைப் பற்றி யாராவது கேட்டால், அந்தக் கேள்வி அதைக் குறிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. சில வேலைகளுக்கு விதிவிலக்கு உண்டு. காலாவதியாகாத தண்டனையை மறைப்பது வேறு விஷயம். நன்னடத்தையை அடிப்படையாகக் கொண்ட சங்கத்தில் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்திட்டவருக்கு, பின்னாளில் பழைய குற்றத்தைவிட அந்தக் கையெழுத்தே பெரிய வினையாகும். சந்தேகம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே, குற்றப் பதிவைக் காட்டும் அடிப்படை டிபிஎஸ் சான்றிதழைத் தாமே வாங்கிப் பார்த்துவிடலாம். காலாவதியான தண்டனை அதில் வராது. முன்மொழிபவரிடம் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவதும் நல்லது. நாளை விஷயம் வெளியே வந்தால் அவருடைய பெயரும் சேர்ந்து கெடும்.

இனி லாட்ஜின் பக்கம். முன்மொழிபவர், வழிமொழிபவர், நேர்காணல் எல்லாம் தாண்டினாலும் கடைசியில் ரகசிய வாக்கெடுப்பு இருக்கிறது. மறுப்பைக் குறிக்கும் கறுப்புக் குண்டுகள் மூன்று விழுந்தால் அனுமதி இல்லை. ஒன்றோ இரண்டோ போதும் என்று கிளை தன் துணைவிதியில் எழுதிக்கொள்ளவும் செய்யலாம். யார் போட்டார், ஏன் போட்டார் என்று கேட்க வழியில்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் 25 உறுப்பினர்களுக்குக் குறையாத சங்கங்களுக்குப் பொருந்தினாலும், அது பாதுகாக்கும் இனம், மதம், ஊனம் போன்ற பட்டியலில் குற்றப் பின்னணி இல்லை. நிராகரிக்கப்பட்டவர் நீதிமன்றம் போய்ப் பெரிதாகச் சாதிக்க முடியாது. கசப்பான நிலைமைதான்.

உறுப்பினரான பிறகு நிலைமை மாறும். சங்க விதிகள் ஒப்பந்தத்துக்குச் சமம் என்பதால், அவற்றை மீறி நீக்கினால் எதிர்த்து வழக்காடலாம். காலாவதியான தண்டனையைத் தீய நோக்கத்தோடு யாராவது பரப்பினால், 'நடந்த உண்மையைத்தானே சொன்னேன்' என்ற வாதம் அவதூறு வழக்கில் அவரைக் காப்பாற்றாது.

தயங்கி நிற்பவர்களைக் குறிவைக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. 'பின்னணி பார்க்க மாட்டோம், பணம் கட்டினால் உடனே உறுப்பினர், செல்வமும் செல்வாக்கும் நிச்சயம்' என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். உண்மையான லாட்ஜ், ஆளை நேரில் பார்க்காமல், வாக்கெடுப்பு நடத்தாமல் யாரையும் சேர்ப்பதில்லை. பணம் அனுப்பிவிட்டவர் வெட்கப்பட்டு ஒளித்து வைக்காமல் அன்றே வங்கிக்குச் சொல்ல வேண்டும், பிறகு காவல் துறைக்கு. பழைய வழக்கு ஒன்று இருப்பது புகார் கொடுக்கும் உரிமையைப் பறிக்காது.