சவூதியில் மாறியதும் மாறாததும்

தாராவியானாலும் மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும், வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ இல்லாத தெரு நம் மக்களிடையே அபூர்வம். "சவூதியிலே இப்போ எல்லாமே மாறிப்போச்சாமே, பையனை அனுப்பலாமா?" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். ரயில்வேயில் என் காலத்தைக் கழித்தவன் என்பதால் அந்நாட்டு இருப்புப்பாதைகளைப் பற்றிப் படிப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. அந்தப் பாதைகளின் கதை, அங்குள்ள சமூகத்தையும் மார்க்கத்தையும் ஓரளவு புரியவைக்கிறது. அதை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அரேபியா மும்பைக்குப் புதிதல்ல. தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் காலூன்றிய காலத்தில், 1887இல், அங்கே பெரிய பள்ளிவாசல் எழுந்தது. 1995 வரை ஹஜ் பயணிகள் இங்கிருந்து கப்பலேறி ஜித்தா சென்றார்கள். 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதும் வெல்டர், ஃபிட்டர், கொத்தனார் என்று எல்லா மதத்தவரும் இந்நகர் வழியாகவே வளைகுடாவுக்குப் பறந்தார்கள்.

அந்த அரசின் அஸ்திவாரம் 1744ஆம் ஆண்டின் ஓர் உடன்படிக்கை. முகம்மது இப்னு சவூது என்ற தலைவரும், முகம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப் என்ற மார்க்க அறிஞரும் கைகோத்தார்கள். ஆட்சி சவூது குடும்பத்திடம். மார்க்கத் தீர்ப்பு உலமாக்களிடம். இரண்டும் இரு தண்டவாளங்கள் போல இணையாகச் சென்றன. இன்றைய முடியரசு 1932இல் உருவானது. 1938இல் தமாமில் எண்ணெய் கிடைத்தது. பணம் வந்ததும் புதுமைகளும் வந்தன. ஒவ்வொரு புதுமைக்கும் மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்பும் வந்தது.

தொலைபேசியைச் சிலர் சைத்தானின் கருவி என்றபோது, மன்னர் அப்துல் அஜீஸ் அதன் வழியாகத் திருக்குர்ஆனை ஓதச் செய்து வாயடைத்தார் என்று சொல்வார்கள். பெண்களுக்கான அரசுப் பள்ளிகள் 1960இல் தொடங்கியபோதும், தொலைக்காட்சி 1965இல் வந்தபோதும் கடும் எதிர்ப்பு இருந்தது. மன்னர் ஃபைசல் உலமாக்களை அனுசரித்தே, பெண்கள் கல்வியின் நிர்வாகத்தை அவர்களிடமே ஒப்படைத்துக் காரியம் சாதித்தார்.

ரயிலுக்கு அவ்வளவு தகராறு இல்லை. டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீண்ட ஹிஜாஸ் ரயில்வே 1908இல் திறக்கப்பட்டது. அதன் கேஜ் 1,050 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிடச் சற்றே அகலம். இந்திய முஸ்லிம்களும் அதற்கு நிதி கொடுத்தார்கள். முதல் உலகப்போரில் அது சிதைந்தது. பின்னர் 1951இல் தமாம் - ரியாத் பாதை வந்தது.

1979 நவம்பரில் ஆயுதமேந்திய ஒரு கூட்டம் மக்காவின் பெரிய பள்ளிவாசலைக் கைப்பற்றியது. மீட்க இரண்டு வாரம் ஆயிற்று. அரசு அவர்களைத் தண்டித்தது. ஆனால் அதற்குப் பிறகு மார்க்கக் கட்டுப்பாடுகளை இறுக்கியது. திரையரங்குகள் மூடப்பட்டன. மார்க்கப் போலீசின் கை ஓங்கியது. எண்பது, தொண்ணூறுகளில் அங்கிருந்து திரும்பிய நம்மவர்கள் சொன்ன கதைகள் இந்தக் காலத்தவை.

இப்போதைய மாற்றம் 2016இல் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் மார்க்கப் போலீசின் கைது அதிகாரம் பறிக்கப்பட்டது. எண்ணெயை மட்டும் நம்பியிருக்காத 'தொலைநோக்கு 2030' திட்டமும் அறிவிக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் திரையரங்கு திறந்தது. ஜூனில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி வந்தது. 2019இல் 21 வயதான பெண்கள் ஆண் காப்பாளரின் அனுமதியின்றிப் பாஸ்போர்ட் பெற வழி பிறந்தது. காரணம் எளிது. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.22 கோடி, சவூதிக் குடிமக்களில் 63 சதவீதம் பேர் 30 வயதுக்குட்பட்டவர்கள். அத்தனை பேருக்கும் வேலை வேண்டும். பெண்கள் வீட்டிலேயே இருந்தால் பொருளாதாரம் தாங்காது.

மக்கா - ஜித்தா - மதீனா இடையே 450 கிலோமீட்டர் ஹரமைன் ரயில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், 2018 முதல் ஓடுகிறது. 2022இல் அதில் 30 பெண் ஓட்டுநர் இடங்களுக்கு 28,000 பேர் விண்ணப்பித்தார்கள். சட்டத்தைவிட இந்த எண்ணிக்கைதான் அச்சமூகத்தின் மனத்தைக் காட்டுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்றம் மேலிருந்து, அரச ஆணையாக வருகிறது. 1990இலேயே 47 பெண்கள் ரியாத்தில் கார் ஓட்டித் தண்டனை பெற்றார்கள். 2018இல் அனுமதி வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, அதைக் கேட்டுப் போராடிய பெண்களே கைதானார்கள். கொடுப்பது அரசு, கேட்பது குற்றம் என்ற நிலை இது.

எனவே பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் மாறாதவற்றையும் அறிய வேண்டும். பிற மதத்தவர் பொது இடத்தில் வழிபட முடியாது. கோயிலோ தேவாலயமோ இல்லை. அரசையோ மார்க்கத்தையோ விமர்சித்து எழுதினால் சிறை. போதைப்பொருளுக்கு மரண தண்டனை வரை உண்டு. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். அம்மாமார்கள் மசாலாப் பொட்டலத்தில் மறந்தும் வைத்துவிடக் கூடாது.

தொழிலாளியை முதலாளியோடு கட்டிப்போடும் 'கஃபாலா' முறை 2021இல் தளர்த்தப்பட்டது. ஓராண்டு வேலை பார்த்தபின் நிபந்தனைகளுடன் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். ஆனால் வீட்டு வேலையாட்கள், வீட்டு டிரைவர்கள், பண்ணையாட்கள் அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. நம் ஏழைக் குடும்பங்களிலிருந்து பலர் போவது இந்த வேலைகளுக்குத்தான் என்பதை மறக்கலாகாது.

பதிவுபெற்ற ஏஜெண்ட் மூலமாகவே போகவேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பது அந்நாட்டுச் சட்டப்படியே தவறு. இதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

பையனை அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தாராளமாக அனுப்பலாம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதையைக் கேட்டுப் பயந்தும் அனுப்ப வேண்டாம்; இன்றைய விளம்பரத்தைப் பார்த்து மயங்கியும் அனுப்ப வேண்டாம். எந்த வேலைக்கு, யாரிடம், எந்த ஒப்பந்தத்தில் போகிறான் என்று மூன்றையும் விசாரித்து அனுப்புங்கள்.