கேபிளில் வராத இலவச கிரிக்கெட்: லீவில் டி.வி. முன் உட்காரும் பிள்ளைகளுக்கு எதைப் போட்டு விடலாம்?

அனுப்பர்பாளையம்:

பள்ளி லீவு விட்டால் போதும், அனுப்பர்பாளையம் பகுதியில் பல லைன் வீடுகளில் பகல் முழுக்க டி.வி. ஓடும். அப்பா பாத்திரப் பட்டறைக்கும், அம்மா பனியன் கம்பெனிக்கும் கிளம்பிவிட, "கதவைச் சாத்திக்கிட்டு டி.வி. பாரு கண்ணு" என்பதுதான் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே துணை.

இந்தியா ஆடும் மேட்ச் அன்று வேறு ஒரு பிரச்சினை. டி.டி. ஸ்போர்ட்சில் இலவசமாக வரும் என்று நம்பி சேனலைத் திருப்பினால், கேபிளில் வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடும். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் உள்ள சின்ன டிஷ்ஷில் மட்டும் மேட்ச் தெரியும். கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது.

7-ல் வந்த சட்டம், 17-ல் வந்த தீர்ப்பு

முக்கியமான போட்டிகளை ஏழை வீடுகளிலும் பார்க்க வேண்டும் என்பதற்காக 2007-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. இதன்படி, பணம் கட்டி உரிமை வாங்கிய தனியார் சேனல், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளை தூர்தர்ஷனுக்கும் கொடுத்தாக வேண்டும். இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 சர்வதேச போட்டிகள், ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு ஆகியவை இந்தப் பட்டியலில் உண்டு.

தூர்தர்ஷன் வாங்கியது அப்படியே கேபிளிலும் ஓடியது. பணம் போட்ட சேனல்கள் கோர்ட்டுக்குப் போயின. 2017 ஆகஸ்டு 22-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தூர்தர்ஷன் தன் சொந்த ஆன்டெனா ஒளிபரப்பிலும், டி.டி. பிரீ டிஷ்ஷிலும் மட்டுமே அந்தப் போட்டிகளைக் காட்டலாம், கேபிளுக்குக் கூடாது என்பதே அதன் சாரம். பழைய ஆன்டெனா நிலையங்கள் பெரும்பாலும் மூடப்பட்டு விட்டதால், இப்போது மிச்சம் இருப்பது பிரீ டிஷ் மட்டும்தான்.

பிரீ டிஷ்ஷுக்கு மாத வாடகை கிடையாது. டிஷ், பாக்ஸ், மாட்டும் கூலி ஒரு தடவைதான். ஆனால் தனியார் தமிழ் சேனல்கள் அதில் வெகு குறைவு. சீரியல் பார்க்கும் வீட்டில் கேபிளை வெட்டினால் சண்டைதான் வரும். மேட்ச் வர்ணனையும் பெரும்பாலும் இந்தி, ஆங்கிலத்தில் இருக்கும்.

நம்ம ஊர் அணி

டி.என்.பி.எல். அந்தப் பட்டியலில் இல்லை. அதை ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் என்ற கட்டண சேனலில் பார்த்தார்கள். 2025 ஜூலை 6-ந்தேதி திண்டுக்கல்லில் நடந்த இறுதிப்போட்டியில், சாய் கிஷோர் தலைமையிலான திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன் குவித்து, அஸ்வின் தலைமையிலான திண்டுக்கல் டிராகன்சை 118 ரன் வித்தியாசத்தில் சாய்த்து கோப்பையைத் தூக்கியது குறிப்பிடத்தக்கது. கிரிக்கெட் பைத்தியமான பையன் இருக்கிற வீட்டில், அந்த சீசனுக்கு மட்டும் அந்த ஒரு சேனலைச் சேர்க்கச் சொல்லி கேபிள்காரரிடம் கேட்கலாம். முழு பேக்கேஜ் வாங்கத் தேவையில்லை.

பாடமும் உண்டு

கல்வி தொலைக்காட்சியைப் பல வீடுகளில் கொரோனாவோடு மறந்தே விட்டார்கள். 2019 ஆகஸ்டு 26-ந்தேதி தமிழக அரசு தொடங்கிய இந்த சேனலில் விளம்பரத் தொல்லை இல்லாமல், பாடத்தைத் தமிழிலேயே நடத்துகிறார்கள். 10-ம் வகுப்புக்குப் போகும் பிள்ளை, கணக்கு, அறிவியலை மட்டும் தினமும் ஒரு மணி நேரம் பார்த்தாலே டியூஷன் காசு கொஞ்சம் மிச்சம். யூடியூப்பிலும் கிடைப்பதால், அம்மா ஷிப்ட் முடிந்து வந்த பிறகு செல்போனில் சேர்ந்து பார்க்கலாம்.

பிரீ டிஷ் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்ம ஊரில் டிஷ் தென்கிழக்குப் பக்கம் நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்தத் திசையில் தென்னை மரமோ, உயரமான கம்பெனி கட்டிடமோ மறைத்தால் படம் வராது. பாக்ஸ் வாங்கும் முன் மாடியை ஒரு தடவை பார்த்து விடுவது நல்லது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.