எதிலிருந்து இரு மடங்கு?

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஓர் அவசர எச்சரிக்கை அனுப்பியது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இரு மடங்காகிறது என்றது அது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அதையே முழங்கின. கலங்கிப்போன பெண்கள் பலர் மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எதிலிருந்து இரு மடங்கு? பழைய வகை மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு ரத்தம் உறைந்தது. புதிய வகையில் இருவருக்கு. ஆக, 7,000 பேருக்குக் கூடுதலாக ஒருவர். இந்தக் கணக்கு மட்டும் பெண்களின் காதுக்குச் சரியாக எட்டவில்லை. அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், ரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரையைவிடக் கர்ப்ப காலத்தில்தான் அதிகம்.

நம் அச்சம் ஏன் இப்படி வேலை செய்கிறது? அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை விளக்கினார். புதிதாக வந்தது, கண்ணுக்குத் தெரியாதது, நம் கையில் இல்லாதது என்றால் அதிகம் அஞ்சுகிறோம். பழகிப்போனதையும் நாமே விரும்பிச் செய்வதையும் கண்டு அஞ்சுவதில்லை. செல்போன் கோபுரம் வேண்டாமென்று கலெக்டரிடம் மனு கொடுப்பவர்கள்கூட, ஹெல்மெட் போடாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள். 2022இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் நமக்குச் சிறு கலக்கத்தைக்கூடத் தருவதில்லை.

மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாதிக் கணக்கைக் கையில் கொடுத்தால் யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள். ‘இரு மடங்கு’ என்று எழுதும் பத்திரிகை, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். பக்க விளைவைச் சொல்லும் மருத்துவர், மருந்தை நிறுத்தினால் வரும் ஆபத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லாவிட்டால் நாம் கேட்போம். கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை, சாப்பிட்டுவரும் மாத்திரையை நாமாக நிறுத்த வேண்டாம்.