பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம்: வீட்டிலேயே செய்யலாம் பழ ஐஸ்

சிலிபின்: மதியம் இரண்டு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் முதலில் திறப்பது ஐஸ் பெட்டியைத்தான். ஈப்போ வெயில் அப்படி. நம் தாமான்களில் நெகிழிக் குழாயில் அடைத்து விற்கப்படும் 'ஐஸ்கிரீம் மலேசியா'வைச் சுவைக்காதவர்கள் இருக்க முடியாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, சீவிய ஐஸை உருட்டிச் சிவப்பு சீராப் ஊற்றிக் கொடுத்த ஐஸ் உருண்டையும் நினைவிருக்கும். இவற்றில் பெரும்பாலும் இருப்பது சீனி, சாயம், தண்ணீர். பழம் இருப்பது குறைவு.

இது வெறும் தின்பண்டக் கதையன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் நிலவர ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். நம் பிள்ளைகளின் நாக்கு எந்த அளவு இனிப்புக்குப் பழகுகிறது என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

சில்லென்று இருந்தால் சீனி தெரியாது

குளிர்ந்த பொருளின் இனிப்பை நாக்கு குறைவாகவே உணரும். உருகிய ஐஸ்கிரீமைக் குடித்துப் பாருங்கள், திகட்டும். உறைந்த நிலையிலும் இனிக்க வேண்டும் என்பதற்காகவே அதில் கூடுதல் சீனி சேர்க்கிறார்கள். சீனிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது தண்ணீரை முழுதாக இறுக விடாமல் தடுத்து, ஐஸை மென்மையாக வைத்திருக்கும். வெறும் பழச்சாற்றை உறைய வைத்தால் கல்லாகிப் போவது இதனால்தான்.

எனவே சாறு பிழியாமல் சதைப்பற்றுள்ள பழத்தை அப்படியே அரைப்பதே வழி. வாழை, மாம்பழம், பப்பாளி போன்றவற்றின் நார்ச்சத்தும் சதையும் சீனி இல்லாமலேயே ஓரளவு மென்மையைத் தரும்.

பால் ஏன் வேண்டாம்? ஆசியர்களில் பலருக்கு வளர்ந்த பின் பாலிலுள்ள லாக்டோஸ் எனும் சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. வயிறு உப்புசம், வயிற்றுப்போக்கு வரும். மேலும், நாம் 'டின் பால்' என்று வாங்குவதில் பல, 'கிரிமர்' என்று அச்சிட்டு விற்கப்படும் இனிப்புக் கலவைகள். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் 'பால் அல்லாத கிரிமர்' என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. அதில் பால் புரதம் இருக்கலாம். டின்னிலுள்ள பொருள் பட்டியலைப் படித்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

செய்முறை மூன்று

வாழைப்பழ ஐஸ்: தோலில் கரும்புள்ளி விழுந்த பீசாங் பெராங்ஙான் மூன்றை உரித்து வட்டமாக நறுக்குங்கள். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, இரவு முழுதும் உறைய வையுங்கள். மறுநாள் பிளெண்டரில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடிப்பொடியாக உதிரும், சற்று நேரத்தில் கிரீம் போலத் திரளும். பிளெண்டர் சுற்றத் திணறினால் இரண்டு தேக்கரண்டி தேங்காய்ப்பால் போதும். தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் அள்ளி ஊற்ற வேண்டாம்.

பப்பாளிக் குழாய் ஐஸ்: நன்கு பழுத்த பப்பாளித் துண்டுகள் இரண்டு கிண்ணம், கொதித்து ஆறிய நீர் அரைக் கிண்ணம், ஓர் எலுமிச்சையின் சாறு. மூன்றையும் அரைத்துக் குழாயில் முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும், முழுதாக நிரப்பினால் குழாய் வெடிக்கும். பீடோர் கொய்யாவிலும் இதைச் செய்யலாம். விதையுள்ள வகையென்றால் அரைத்து வடிகட்டுங்கள். அசாம் போய் பிடிக்குமென்றால் ஒன்றே போதும், அதில் உப்பும் உண்டு.

தர்பூசணிக் குச்சி: விரல் தடிமன் துண்டுகளில் குச்சி செருகி நான்கு மணி நேரம் உறைய வையுங்கள். அரைக்கும் வேலைகூட இல்லை.

கவனிக்க வேண்டியவை

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பல கிருமிகள் உறைநிலையில் உறங்கிக் கிடந்து, உருகியதும் பெருகும். பழம், கத்தி, கை எல்லாம் கழுவிச் சுத்தமாக இருக்க வேண்டும். உருகியதை மீண்டும் உறைய வைக்க வேண்டாம்.

பழத்திலும் சர்க்கரை இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் இதை மருந்தாக எண்ணிவிடாமல், அன்றைய பழத்துக்குப் பதிலாகச் சிறு கிண்ணம் மட்டும் சாப்பிடலாம். சிறுநீரக நோயாளிகளுக்கு நட்சத்திரப் பழம் ஆபத்து. அதன் நச்சு அவர்கள் உடலிலிருந்து வெளியேறாமல் மூளையைப் பாதிக்கும். வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருப்பதால் டயாலிசிஸ் செய்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

நம் ஊர்ப் பெருமையான தம்புன் பம்பளிமாசு, கொழுப்பு, இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றின் வீரியத்தைக் கூட்டிவிடக்கூடும். அத்தகைய மாத்திரை எடுப்பவர்கள் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு உறைந்த திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

சீனி இல்லாத ஐஸைப் பிள்ளைகள் முதல் நாளே விரும்பிவிட மாட்டார்கள். "இனிப்பே இல்லையே அம்மா" என்று முகம் சுளிக்கலாம். அதற்காகச் சீனி டப்பாவைத் திறக்காதீர்கள். அடுத்த முறை இன்னும் கனிந்த பழத்தில் செய்து கொடுங்கள். நாக்கு மெல்ல மெல்லப் பழகிவிடும். மேசையில் கறுக்கத் தொடங்கிய வாழைப்பழம் இருந்தால் தூக்கி எறியாமல் இன்றிரவே நறுக்கி வையுங்கள்.